பதினான்காயிரம் டாலர் கடிதமும் ஒக்லஹோமா மண்ணுக்கு அடியில் அப்பா விட்டுப்போன பத்து ஏக்கரும்

உங்கள் கேள்வியை மற்ற வாசகர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா மருத்துவர். எழுபதுகளில் ஒக்லஹோமாவில் ஒரு சிற்றூர் மருத்துவமனைக்கு வேலைக்குப் போனவர், 1981இல் அங்கே கிரேடி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) பத்து ஏக்கர் அளவுக்கு எண்ணெய், எரிவாயு உரிமை வாங்கிப் போட்டிருக்கிறார். பிறகு நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்து 2023இல் அங்கேயே காலமானார். உயில்படி உங்களுக்கும் சென்னையில் இருக்கும் அக்காவுக்கும் சரிபாதி. மாதம் ஏறக்குறைய 140 டாலர் காசோலை அப்பா பெயருக்கு வந்துகொண்டிருந்தது. வங்கிக் கணக்கை மூடியபின் அதுவும் நின்றுவிட்டது. இப்போது முன்பின் அறியாத ஒரு நிறுவனம் 14,000 டாலர் தருவதாக எழுதி, கையெழுத்துக்கு ஒரு பத்திரத்தையும் காசோலை போன்ற ஒரு தாளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறது. பதினைந்து நாள் கெடு. "நூறு மாத வருமானத்தை மொத்தமாகத் தருகிறார்கள், விற்றுவிடலாமா? வரி எவ்வளவு? நேரில் போக வேண்டுமா?" என்று கேட்கிறீர்கள்.

இன்றைய நிலையில் அதைக் குறையற்ற உரிமையோடு விற்க உங்களால் முடியாது. கிரேடி கவுண்டிப் பதிவேட்டில் அது இன்னும் அப்பாவின் சொத்து. முடிந்தாலும் இந்த விலைக்கு விற்கக் கூடாது. "நூறு மாதம்" என்று நீங்கள் போடும் கணக்கே தப்பான கணக்கு. இரண்டையும் விளக்குகிறேன்.

நான் வழக்கறிஞன் அல்ல. ஹூஸ்டனில் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் நில ஆவணப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தேன். எந்தக் கிணற்றின் காசு யார் பெயருக்கு, எத்தனை தசமப் பங்காகப் போக வேண்டும் என்று முடிவு செய்வதுதான் வேலை. செத்துப்போனவர்கள் பெயரில் வரும் தலைவலிகளில்தான் என் பாதி உத்தியோகம் கழிந்தது.

இந்தச் சொத்து நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. தமிழ்நாட்டில் நரிமணத்திலோ குத்தாலத்திலோ ஒருவர் வயலில் எண்ணெய் எடுத்தால் அவருக்கு இடத்துக்கான வாடகையும் பயிருக்கான இழப்பீடும் கிடைக்கும்; எண்ணெய்க்கான ராயல்டி, அதாவது விற்பனையில் ஒரு பங்கு, அரசுக்குப் போகும். அமெரிக்காவில் மண்ணுக்கு அடியில் இருப்பது தனியார் சொத்தாக இருக்க முடியும். நிலத்தை விற்றுவிட்டு அடியில் இருப்பதை மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம். நம் கிராமங்களில் நிலம் ஒருவருடையதாகவும் அதில் நிற்கும் பனை இன்னொருவருடையதாகவும் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தப் பனை கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம். அப்பா வாங்கியது மேலே யாரோ கோதுமை போடுகிற நிலத்தின் அடியில் உள்ள பங்கு. அதை ஓர் எண்ணெய் நிறுவனம் குத்தகைக்கு எடுத்துத் தோண்டும்; பங்குதாரருக்கு ராயல்டி வரும்.

1981 என்ற ஆண்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. மேற்கு ஒக்லஹோமாவின் அனடார்க்கோ படுகையில் ஆழத்து எரிவாயு மோகம் உச்சத்தில் இருந்த நேரம் அது. கையில் காசு புழங்கிய மருத்துவர்களிடமும் பல் மருத்துவர்களிடமும் எண்ணெய்ப் பங்குகளைத் தேடித் தேடி விற்றார்கள். அந்த மோகத்துக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த ஒக்லஹோமா நகரின் பென் ஸ்கொயர் வங்கி 1982 ஜூலையில் விழுந்தபோது, தூரத்துப் பெரிய வங்கிகளும் கூடவே ஆட்டம் கண்டன. அப்போது விற்கப்பட்டவை எல்லாம் கனிம உரிமை அல்ல. சிலருக்குக் கூட்டாண்மைப் பங்கு கொடுத்தார்கள். சிலருக்கு 'ஓவர்ரைடிங் ராயல்டி' கொடுத்தார்கள். குத்தகை முடிந்த அன்றே அதுவும் முடிந்துவிடும். சிலருக்குக் கிணற்றின் செலவையும் சேர்த்துச் சுமக்கிற 'வொர்க்கிங் இன்ட்ரெஸ்ட்' கொடுத்தார்கள். கிணற்றை மூடும் செலவில்கூட அதற்குப் பங்கு உண்டு. அப்பாவிடம் இருப்பது முழுக் கனிம உரிமைதானா என்பதை 1981ஆம் ஆண்டுப் பத்திரத்தைப் படித்தால்தான் சொல்ல முடியும். அதன் நகல் கிரேடி கவுண்டியின் தலைநகரான சிக்கஷாவில், கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் இருக்கும். ஒக்லஹோமா கவுண்டிகள் பலவற்றின் பதிவேடுகளை இணையத்திலேயே பார்க்கலாம், சிறு கட்டணத்துக்கு நகலும் எடுக்கலாம்.

பத்திரம் கையில் வந்ததும் பெயரைப் பாருங்கள். தமிழர்களுக்கே உரிய வில்லங்கம் ஒன்று இங்கே காத்திருக்கும். ராமநாதன் என்ற பெயர்க்காரர் ஒரு பத்திரத்தில் எஸ். ராமநாதன், இன்னொன்றில் ராமநாதன் சுப்பிரமணியன், காசோலையில் சுப்பிரமணியன் ராமநாதன். பிள்ளைக்கோ அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகிவிடும்; கல்யாணமான மகளுக்குக் கணவரின் பெயர். அமெரிக்கப் பதிவேட்டின் கண்ணில் இவர்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத ஐந்து பேர். "முதல் மூன்று பெயரும் ஒரே ஆளுடையவை, மற்ற இருவர் அவருடைய பிள்ளைகள்" என்று ஒரு பிரமாண வாக்குமூலம் பதிவு செய்தால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. ஆனால் விற்கும் வாரத்தில் கண்டுபிடித்தால் வாங்குபவர் அதையே காரணம் காட்டி விலையைக் குறைப்பார். பத்திரத்தில் அம்மாவின் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்து, அவரும் காலமாகிவிட்டார் என்றால் அவருடைய இறப்புச் சான்றிதழும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

இனி உயில். நியூ ஜெர்சியில் புரோபேட், அதாவது உயிலை மெய்ப்பிக்கும் வேலை, முடித்துவிட்டோம், அது போதாதா என்கிறீர்கள். போதாது. வெளிமாநிலச் சொத்து என்றாலே எல்லோரும் இடறுகிற படி இது. வங்கிப் பணமும் பங்குப் பத்திரங்களும் இறந்தவர் வாழ்ந்த மாநிலத்தின் சட்டப்படி போகும். நிலமும் நிலத்தடி உரிமையும் அசையாச் சொத்து. அவை எங்கே கிடக்கின்றனவோ அந்த மாநிலத்தின் சட்டம்தான் அவற்றுக்கு. நியூ ஜெர்சி நீதிமன்றத்தின் உத்தரவு ஒக்லஹோமா மண்ணை அசைக்காது. அங்கே ஒரு துணைப் புரோபேட் நடத்த வேண்டும். ஒக்லஹோமாவில் இதற்குச் சுருக்கமான நடைமுறை உண்டு. சொத்து 2,00,000 டாலருக்குள் இருந்தாலோ, இறந்தவர் வெளிமாநிலத்தவராக இருந்தாலோ, இறந்து ஐந்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தாலோ அதைப் பயன்படுத்தலாம். முதல் இரண்டுமே உங்களுக்குப் பொருந்தும். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் சில மாதங்களில் முடித்துவிடுவார்; பெரும்பாலும் நீங்கள் விமானம் ஏற வேண்டியிருக்காது. சிக்கஷாவிலோ ஒக்லஹோமா நகரிலோ கனிமச் சொத்து வழக்குகளையே தொழிலாகக் கொண்டவரைப் பிடியுங்கள். நியூ ஜெர்சியில் வீட்டுப் பத்திரம் எழுதிக்கொடுத்த வழக்கறிஞர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதற்கு ஆக மாட்டார்.

இதைவிட மலிவான வழி ஒன்றை யாராவது சொல்வார்கள்: வாரிசு வாக்குமூலம். குடும்ப விவரத்தை எழுதி நோட்டரி முன் கையெழுத்திட்டுப் பதிவு செய்வது. கிணற்றை நடத்தும் நிறுவனங்கள் பல, சிறு பங்குகளுக்கு இதை வைத்தே காசோலை அனுப்பத் தொடங்கிவிடும். ஆனால் ஒக்லஹோமா சட்டப்படி இத்தகைய வாக்குமூலம் பதிவேட்டில் எதிர்ப்பின்றிப் பத்தாண்டு கிடந்த பிறகுதான் குறையற்ற உரிமையாக முதிர்கிறது. விற்காமல் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு அது நல்ல வழி. விற்க நினைப்பவர் புரோபேட்டுக்குச் செலவழித்தால் அந்தக் காசு விலையிலேயே திரும்பி வந்துவிடும்.

மாநிலத்துக்கு மாநிலம் இது எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இதே சொத்து சிவப்பாற்றைத் தாண்டி டெக்சாஸில் இருந்திருந்தால், வேறு மாநிலத்தில் மெய்ப்பிக்கப்பட்ட உயிலின் சான்றளித்த நகலையும் நீதிமன்ற உத்தரவையும் அந்தக் கவுண்டிப் பதிவேட்டில் ஏற்றினாலே பெரும்பாலும் வேலை முடிந்திருக்கும். உயில் எங்குமே மெய்ப்பிக்கப்படவில்லை என்றால் அங்கே நான்காண்டுக் கெடு. வட டகோட்டாவிலும் ஒஹையோவிலும் வேறு ஆபத்து: இருபதாண்டு எந்த நடவடிக்கையும் இல்லாமல் உறங்கும் கனிம உரிமையை மேலே நிலம் வைத்திருப்பவர் உரிய அறிவிப்பு கொடுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்ள வழி உண்டு. லூயிசியானாவில் நிலத்தைப் பிரிந்த உரிமை பத்தாண்டு பயன்படுத்தாவிட்டால் நிலத்தோடு திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளும். "அமெரிக்காவில் இப்படித்தான்" என்று தொடங்கும் எந்த ஆலோசனையையும் இந்த விஷயத்தில் நம்பாதீர்கள்.

இனி அந்த 14,000க்கு வருகிறேன்.

உற்பத்தியில் இருக்கும் பழைய கிணற்றின் ராயல்டிப் பங்கை வாங்குபவர்கள் மாத வருமானத்தின் 36 முதல் 60 மடங்கு வரை கொடுப்பது நெடுநாளைய கைக்கணக்கு. துல்லியமானதல்ல, ஆனாலும் புழக்கத்தில் இருப்பது. எண்பதுகளின் கிணறு ஒன்று, ஆண்டுக்கு ஆண்டு வற்றிக்கொண்டே போவது. அதற்கு ஒருவர் நூறு மடங்கு கொடுக்க முன்வருகிறார். அவர் தர்மவானா? இல்லை. அவர் வாங்க நினைப்பது அந்தக் கிணற்றையே அல்ல. இன்னும் தோண்டாத கிணறுகளை வாங்குகிறார். உங்களுக்குத் தெரிந்தது 140 டாலர் காசோலை மட்டும். அவருக்குத் தெரிந்தது அந்தச் சதுர மைலுக்கு யார் எப்போது என்ன விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்பது.

அது ரகசியமும் அல்ல. ஒக்லஹோமா கார்ப்பரேஷன் கமிஷன் என்ற அரசு அமைப்புதான் கிணறுகளுக்கு அனுமதி தருகிறது. அதன் இணையதளத்தில் உங்கள் சொத்தின் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் என்ற நில அளவை எண்களைப் போட்டுத் தேடினால் அனுமதிகள், கிணறுகளுக்கான நிலப்பரப்பை, அதாவது அலகை, வரையறுக்கும் இடைவெளி உத்தரவுகள், சம்மதிக்காத பங்குதாரர்களையும் அலகில் சேர்க்கும் கட்டாயக் கூட்டு விண்ணப்பங்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். கட்டாயக் கூட்டு உத்தரவைக் குறிப்பாகத் தேடுங்கள். குத்தகைக்கு விடாத பங்குதாரருக்கு ஏக்கருக்கு எவ்வளவு முன்பணம், எந்த ராயல்டி வீதத்தோடு என்று அதில் டாலர் கணக்கில் எழுதியிருக்கும். பக்கத்துச் செக்‌ஷன்களின் அண்மைக்கால உத்தரவுகளையும் எடுத்துப் பார்த்தால் அந்த வட்டாரத்தின் சந்தை விலைக்கு ஓரளவு நேர்மையான அடையாளம் கிடைத்துவிடும். அது குத்தகை விலைதான், விற்பனை விலை அல்ல. விற்பனை அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

அப்பாவின் பழைய காசோலைத் துண்டு ஒன்றைத் தேடி எடுங்கள். அதில் எட்டு இலக்கத் தசமம் ஒன்று இருக்கும். ஒக்லஹோமாவில் ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். பத்தை 640ஆல் வகுத்துக் குத்தகையின் ராயல்டி வீதத்தால் பெருக்கினால் அந்தத் தசமம் வர வேண்டும். 0.00292969 என்றிருந்தால் அப்பாவின் பங்கு 3/16 ராயல்டி. 0.00195313 என்றால் பழைய காலத்து 1/8. வேறு ஏதாவது எண் என்றால் ஏக்கர் கணக்கிலோ அலகின் அளவிலோ நமக்குத் தெரியாதது ஏதோ இருக்கிறது. இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பேசினால் எதிராளியின் குரலே மாறிவிடும். நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

இந்த வீதம் ஏன் முக்கியம்? பழைய கிணறு சொட்டுச் சொட்டாக ஓடிக்கொண்டிருக்கும்வரை பழைய குத்தகையும் உயிரோடு இருக்கும். புதிதாக, ஆழத்தில் பக்கவாட்டாக ஓடும் கிடைக்கோட்டுக் கிணறு தோண்டினாலும் உங்களுக்கு அந்தப் பழைய வீதமே கிடைக்கலாம். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மைல் நீளக் கிணறு, இரண்டு செக்‌ஷன்களில் சமமாக ஓடுகிறது; முதலாண்டில் ஒரு லட்சம் பீப்பாய், பீப்பாய் 65 டாலர். மொத்தம் 65 லட்சம் டாலர். பத்து ஏக்கருக்கு 3/16 வீதத்தில் பங்கு 0.00146484, அதாவது சுமார் 9,500 டாலர். 1/8 என்றால் சுமார் 6,350. இதில் மாநில உற்பத்தி வரி போகும். ஒக்லஹோமாவில் புதிய கிணற்றுக்கு முதல் 36 மாதம் 5 சதவீதம், பிறகு 7. குத்தகையின் வாசகத்தைப் பொறுத்து எரிவாயுவைச் சுத்திகரிக்கும் செலவும் கழியலாம். இரண்டாம் ஆண்டில் வருமானம் பாதிக்கும் கீழே சரிந்துவிடும். ஆனால் ஒரே அலகில் ஒன்றுக்கு மேற்பட்ட கிணறுகள் வரக்கூடும். 3/16 வீதத்தில் அப்படி இரண்டு வந்தாலே 14,000 என்பது முதலாண்டு வருமானத்திலேயே திரும்பிவிடும் தொகை.

கிணறு வராமலே போகவும் கூடும். அனுமதி வாங்கியவர்கள் எல்லோரும் தோண்டிவிடுவதில்லை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் எதிர்கால ஒப்பந்த விலை பூஜ்யத்துக்குக் கீழே 37.63 டாலருக்கு இறங்கியதை நான் அலுவலகத் திரையில் பார்த்தேன். அந்த ஆண்டில் காலாவதியான அனுமதிகளுக்குக் கணக்கே இல்லை. வாங்குபவர் அந்த அபாயத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். அவர் லாபம் பார்ப்பதில் தவறும் இல்லை. நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்று அறிந்து விற்க வேண்டும், அவ்வளவுதான்.

டெக்சாஸ், ஒக்லஹோமா குடும்பங்களில் "கனிம உரிமையை ஒருபோதும் விற்காதே" என்பது வேதவாக்கு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அந்த ஊரிலேயே வாழ்ந்து, கவுண்டிப் பதிவேட்டைப் புரட்டத் தெரிந்த, முந்நூறு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது சரி. ஆளுக்கு ஐந்து ஏக்கர், ஒருவர் நியூ ஜெர்சி, ஒருவர் சென்னை, அடுத்த தலைமுறையில் நான்கு பேர், அதற்கடுத்து ஒன்பது பேர் என்றால், ஒரு கட்டத்தில் காசோலையைவிடப் புரோபேட் செலவு பெரிதாகிவிடும். விற்பது உங்கள் விஷயத்தில் முட்டாள்தனம் அல்ல. பாதியை விற்றுப் பாதியை வைத்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடு. விலை சரியா தப்பா என்ற உறுத்தலும் பாதியாகிவிடும்.

விற்பதாக முடிவு செய்தால் ஒரே ஆளிடம் பேசாதீர்கள். புரோபேட் மனு பதிவானதும் உங்களுக்கு மேலும் கடிதங்கள் வரும். அதைக் கண்காணித்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அந்த வட்டாரத்தில் தோண்டும் நிறுவனத்திடமும் கேளுங்கள். இணைய ஏலமும் இருக்கிறது. டெக்சாஸின் அமரில்லோவிலிருந்து இயங்கும் எனர்ஜிநெட் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். மூன்று நான்கு பேருக்கு ஒரே விவரத்தைக் கொடுத்து, ஒரே நாளில் மூடிய விலை கேளுங்கள். முதல் கடிதத்தின் இரண்டு மடங்கு, சில சமயம் மூன்று மடங்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் அக்காவும் சேர்ந்தே விற்றால் ஏக்கருக்கு விலை கூடும். ஐந்து ஐந்தாக வாங்க யாருக்கும் பொறுமை இல்லை.

இப்போது அந்தக் காசோலை மாதிரித் தாள். அது காசோலை அல்ல, டிராப்ட்; அனுப்பியவர் பிறகு ஒப்புக்கொண்டால்தான் பணமாகும் தாள். பொடி எழுத்தைப் படித்தால் "உரிமை பரிசீலனைக்கு உட்பட்டு, இத்தனை வங்கி நாட்களுக்குள்" என்று இருக்கும். அந்த நாட்களில் அவர் உங்கள் சொத்தை இன்னொருவரிடம் கூடுதல் விலைக்குப் பேசி முடிப்பார். ஆள் கிடைக்காவிட்டால் டிராப்டுக்குப் பணம் தராமல் விட்டுவிடுவார். இதற்குள் நீங்கள் கையெழுத்திட்ட பத்திரம் அவர் கையில். வங்கி நடுவில் நின்று பத்திரத்தைப் பிடித்துவைத்திருந்தால் பிழைத்தோம். நேரடியாகத் தபாலில் அனுப்பி, அது பதிவாகிவிட்டால் திரும்பப் பெற வழக்குத்தான். ஒழுங்கான விற்பனையில் பத்திரம் ஒரு வழக்கறிஞரிடமோ சொத்துரிமையைச் சரிபார்க்கும் உரிமை நிறுவனத்திடமோ இருக்கும். பணம் கணக்கில் விழுந்த பிறகே அது கைமாறும். இதற்கு மறுப்பவரிடம் மேலே பேச ஒன்றுமில்லை.

பத்திரத்தின் வாசகத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். "இந்தக் கவுண்டியில் எனக்குள்ள அனைத்தும், மேலே விவரிக்கப்படாதவை உட்பட" என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அப்பா அதே கவுண்டியில் வேறெங்காவது இரண்டு ஏக்கர் வாங்கியிருந்தால் அதுவும் கூடவே போய்விடும். உரிமைக்கு முழு உத்தரவாதம் கேட்டால் மறுத்து, உங்கள் காலத்து வில்லங்கங்களுக்கு மட்டும் பொறுப்பேற்கும் பத்திரம் தாருங்கள். மூன்றாவது, அமலுக்கு வரும் தேதி: எந்த நாள் முதலான பணம் வாங்குபவருக்கு என்பது. அதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும்.

என் மேசைக்கு வந்த கோப்பு ஒன்று. உரிமையாளர் இறந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகள்கள் யாரும் எங்களைத் தொடர்பு கொள்ளவில்லை. திரும்பி வந்த காசோலைகளின் பணம் சஸ்பென்ஸ் கணக்கில், அதாவது உரியவர் யாரென்று தெளியும்வரை நிறுத்திவைக்கும் கணக்கில், சேர்ந்து 41,000 டாலராகி நின்றது. ஒருநாள் ஒரு பத்திரம் வந்தது: மகள்கள் தங்கள் பங்கை 18,000 டாலருக்கு விற்றிருந்தார்கள். "நிலுவையில் உள்ள, சேர்ந்துபோன அனைத்துத் தொகைகளும் வாங்குபவருக்கே" என்று ஒரு வரி. சட்டப்படி நான் அந்தப் பணத்தை வாங்கியவருக்கே அனுப்ப வேண்டியிருந்தது. சொத்தும் அவருக்கு, கொடுத்த விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கைக்காசும் அவருக்கு. அன்று மாலை நான் யாரோடும் பேசவில்லை.

உங்கள் காசோலைகளும் 2023 முதல் எங்கோ சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. பழைய காசோலைத் துண்டில் உள்ள நிறுவனத்தின் உரிமையாளர் தொடர்புப் பிரிவை அழைத்து, சஸ்பென்ஸில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். சில ஆண்டுகள் ஆகிவிட்டால் மாநிலக் கருவூலத்தின் உரிமை கோரப்படாத சொத்துப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கேயும் அப்பாவின் பெயரை எல்லா எழுத்துக்கோர்வையிலும் தேடுங்கள். ஒக்லஹோமா சட்டம் தாமதமான ராயல்டிக்கு வட்டியும் தருகிறது: உரிமை குறையற்றதாக இருந்தால் 12 சதவீதம், உரிமைச் சிக்கலால் நின்றிருந்தால் அதைவிடக் குறைவு (2018 நவம்பருக்கு முன் 6 சதவீதம், அதன் பிறகு பிரைம் எனப்படும் வங்கி அடிப்படை வட்டி வீதம்). கேட்காதவருக்குப் பல நேரம் வருவதில்லை.

வரி நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. வாரிசாகப் பெற்ற சொத்தின் அடக்கவிலை, அமெரிக்கச் சட்டப்படி, அப்பா 1981இல் கொடுத்த விலையல்ல; அவர் இறந்த நாளின் சந்தை மதிப்பு. அன்றைக்கு அது 20,000 டாலர் பெறும் என்று ஒரு பெட்ரோலியப் பொறியாளர் எழுதித் தந்து, நீங்கள் 30,000க்கு விற்றால், லாபம் 10,000தான். அதுவும் எத்தனை நாள் கையில் இருந்தாலும் நீண்டகால மூலதன லாபம். உங்கள் வருமானத்தைப் பொறுத்துக் கூட்டரசு வரி 0, 15 அல்லது 20 சதவீதம். இந்த மதிப்பீடு இல்லாமல் முழு விலையையும் வருமானமாகக் காட்டி வரி கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒக்லஹோமாவுக்கு வெளிமாநிலத்தவர் வரிப் படிவம் ஒன்று போட வேண்டும். அங்கே கட்டியதற்கு நியூ ஜெர்சி கழிவு தரும். விற்காமல் வைத்திருந்தால் ராயல்டியில் 15 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழிக்கலாம் என்பதையும் உங்கள் கணக்கரிடம் நினைவூட்டுங்கள்.

அக்காவின் நிலை வேறு. அவர் இந்தியக் குடிமகள், பச்சை அட்டை இல்லை, சென்னையில் வசிக்கிறார் என்றால் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு விற்பனையாளர். அவர் பங்கின் விலையில் 15 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து வரித்துறைக்குக் கட்டியாக வேண்டும். 15,000 டாலர் அவர் பங்கு என்றால் 2,250 டாலர். இது இறுதி வரியல்ல. அடுத்த ஆண்டு படிவம் போட்டால் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். அதற்கு அவருக்கு ஐடிஐஎன் என்ற வரி எண் வேண்டும், அது வரத் தாமதமாகும். இப்போதே விண்ணப்ப வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். இந்தியாவில் இன்னொரு திருப்பம்: இறந்த நாள் மதிப்பு என்ற சலுகை அங்கே கிடையாது. அப்பாவின் கொள்முதல் விலை அல்லது 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பு, இவற்றில் ஒன்றுதான் அடக்கவிலை. ஆகவே அமெரிக்காவில் லாபமே இல்லாத விற்பனை இந்தியாவில் லாபமாகத் தெரியும். வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையிலும் இது ஏற வேண்டும். இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஒரு பட்டயக் கணக்காளரை அவர் பார்ப்பது நல்லது. பத்திரத்தில் கையெழுத்திட அவர் அமெரிக்கா வர வேண்டியதில்லை. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி சேவைக்கு நேரம் பதிவு செய்யலாம், அல்லது உள்ளூர் நோட்டரியிடம் கையெழுத்திட்டு, அதை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை பெறலாம். எது போதும் என்று ஒக்லஹோமா வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். டிராப்டை வங்கியில் போட வேண்டாம், பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம், பதினைந்து நாள் கெடுவைப் பற்றிக் கவலையும் வேண்டாம். பதினாறாம் நாள் அழைத்தாலும் பேசுவார். ஆனால் அவர் அனுப்பிய பத்திரத்தில் சொத்து விவரம் என்ற பகுதி இருக்கும். செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் எண்களை ஒரு லேண்ட்மேனுக்கு (நில ஆவணம் தேடித் தருபவர்) கூலி கொடுத்துத் தேடி எழுதியிருப்பார்கள். நீங்கள் தேட வேண்டிய முதல் மூன்று எண்களும் அதில் இலவசமாக இருக்கின்றன. அவற்றை எழுதிக்கொண்டு கார்ப்பரேஷன் கமிஷன் தளத்துக்குப் போங்கள். என்ன கிடைத்தது என்று எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.